வாங்கப்படும் என்று நம்பிப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்கிற பெரிய கம்பெனிகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவையும் ஒன்றையொன்று வாங்கி இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும் என்கிறார்கள். அப்படி விலைபோகக்கூடிய கம்பெனியின் பங்கை இப்போதே வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கம்பெனியின் தொழிலைப் புரிந்துகொண்டு, அது பிடித்து வாங்கினால் சரி. யாரோ வந்து கூடுதல் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார்கள் என்பதற்காக மட்டும் உங்கள் சேமிப்பைப் போடாதீர்கள்.

பெரியவர்கள் இணையப் பார்க்காமல் இல்லை. அமெரிக்காவின் அப்ளைடு மெட்டீரியல்ஸும் ஜப்பானின் டோக்கியோ எலெக்ட்ரானும் ஒன்றாக இணைய 2013-இல் கைகோத்தன, புதுக் கம்பெனிக்கு எட்டெரிஸ் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது, ஆனால் போட்டிச் சட்டத்தைக் கவனிக்கும் அமெரிக்க நீதித் துறை சம்மதிக்காததால் 2015 ஏப்ரலில் எல்லாம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் லாம் ரிசர்ச், கேஎல்ஏ-டென்கார் கம்பெனியை 1,060 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஒரு வருஷத்தில் அதுவும் போயிற்று.

இந்த இரண்டாவது கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் லாமும் கேஎல்ஏவும் நேரடிப் போட்டியாளர்களே கிடையாது. லாம் செய்வது வேஃபரில், அதாவது சிப்புகள் உருவாகும் மெல்லிய சிலிக்கான் தகட்டில், படலம் படியவைக்கும், அதைச் செதுக்கியெடுக்கும் இயந்திரங்கள். கேஎல்ஏ செய்வது அந்த வேஃபரில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரங்கள். ஆனால் லாமின் போட்டியாளர் ஒருவர் புதிதாக ஒரு செதுக்கும் இயந்திரத்தை உருவாக்கும்போது, அது சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள கேஎல்ஏவின் கருவிதான் வேண்டும். அந்தக் கருவி லாமின் கைக்குப் போனால், போட்டியாளருக்கு அது நேரத்துக்குக் கிடைக்குமா? நீதித் துறை கேட்டது இதைத்தான். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே படுகிறது.

அமெரிக்காவைத் தாண்டினாலும் சீனா இருக்கிறது. ஜப்பானின் கோக்குசாய் எலெக்ட்ரிக்கை வாங்க அப்ளைடு 2019-இல் 220 கோடி டாலர் பேசி, பிறகு 350 கோடி வரை ஏற்றியும், சீனாவின் ஒப்புதல் நேரத்துக்கு வராததால் 2021 மார்ச்சில் விலகியது. விலகியதற்கு 15.4 கோடி டாலர் கட்டியது. சீனா இந்த இயந்திரங்களுக்குப் பெரிய சந்தை, அதை விட்டுவிட்டு யாரும் முன்னே போக முடியாது. 2022 அக்டோபரில் அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்த பிறகு இரு நாடுகளுக்கும் நடுவே கசப்பு கூடித்தான் இருக்கிறது.

அப்புறம், நடந்தேறிய இணைப்புகளையும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் 2013-இல் சைமரை வாங்கி முடித்தது, சிப்பின் மிக நுண்ணிய கோடுகளை ஒளியால் பதிக்கும் ஈயூவி இயந்திரத்துக்கு வேண்டிய ஒளிமூலம் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது, அதன் வேலை தாமதமானால் இயந்திரமே தாமதமாகும் என்ற நிலை. அதற்கு முன்பே 2011-இல் அயனிப் பதிப்பில் (மின்னூட்டம் பெற்ற அணுக்களை வேஃபருக்குள் செலுத்தும் வேலையில்) கைதேர்ந்த வேரியனை அப்ளைடு வாங்கியது. சிப் தயாரிப்பில் தன்னிடம் இல்லாத ஒரு வேலைப்படியை வாங்கும்போது சில சமயம் கதவு திறந்திருக்கிறது. அந்த மாதிரிச் சின்னக் கம்பெனி எது என்று முன்கூட்டியே ஊகிப்பதை முதலீடு என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த முறை இணைப்புச் செய்தி வந்தால், விலையைப் பார்ப்பதற்கு முன் எந்தெந்த நாட்டு ஒப்புதல் பாக்கி என்று பாருங்கள்.