ஒரு சர்வரில் எத்தனை லாகின்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் நூல் கடைக்கு 'சர்வர்' என்று ஒரு கணினி கொடுத்தார்கள். உள்ளே இருப்பது விண்டோஸ் 11 ப்ரோ. வேறு கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நான் நுழைந்தால் கணக்கரின் திரை மூடிக்கொள்கிறது. மூன்று பேர் ஒரே நேரத்தில் டேலி பார்க்க என்ன மாற்ற வேண்டும்? (ஈரோடு)

பதில்: விண்டோஸையே மாற்ற வேண்டும். ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். 20 என்று ஒரு கணக்கு சொல்லியிருப்பார்கள். அது ஃபைல், பிரின்டர் பகிர்வுக்காக வெளியிலிருந்து வந்து இணையும் சாதனங்களுக்கு. திரையோடு நுழைகிற லாகினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'ஒரு ஃபைலை மாற்றினால் போதும்' என்று யாராவது வந்தால் விடாதீர்கள். டெர்ம்சர்வ் என்ற டி.எல்.எல். ஃபைலைத் திருத்தி உள்ளே விடுவார்கள். அடுத்த விண்டோஸ் அப்டேட் அந்த ஃபைலைப் பழையபடி ஆக்கிவிடும், லாகின் நிற்கும். அது நிற்கக் கூடாதென்று அப்டேட்டையே முடக்கிவைப்பார்கள். வீட்டிலிருந்து பார்க்க ரவுட்டரில் 3389 போர்ட்டையும் திறந்துவிடுவார்கள். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கும்பல்கள் இணையத்தில் தேடுவது இப்படிப்பட்ட கணினியைத்தான். உரிம ஒப்பந்தத்துக்கும் அது விரோதம்.

மூவருக்கும் வேலை டேலி மட்டும், எல்லோரும் ஒரே கடைக்குள் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பே வேண்டாம். டேலிபிரைம் சில்வர் ஒருவருக்கு. கோல்டு ஒரே லேனில் (கடைக்குள் கணினிகளை இணைக்கும் வலை) எத்தனை பேருக்கும். கோல்டு வாங்கி, டேட்டா ஃபோல்டரை இந்தக் கணினியில் வைத்துப் பகிர்ந்து, அவரவர் கணினியில் டேலியைத் திறக்கலாம். மூன்று பேருக்கு இதுதான் மலிவு.

கேள்வி: விண்டோஸ் சர்வர் 2022 ஸ்டாண்டர்டு, '15 யூசர் லாகின்' என்று ₹2,10,000 கொடுத்து வாங்கினோம். நான்கு மாதம் குறையில்லாமல் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை ஒருவராலும் நுழைய முடியவில்லை. லைசென்ஸ் சர்வர் எதுவும் இல்லை என்று செய்தி வருகிறது. டீலர் வைரஸ் என்கிறார், சரிசெய்ய ₹6,000 கேட்கிறார். (நாமக்கல்)

பதில்: வைரஸ் இல்லை. ₹6,000 கொடுக்காதீர்கள். உங்கள் சர்வருக்கு 120 நாள் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த 120 நாளைப் பற்றி வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் இதே கடிதம் வருகிறது. ஆகவே முழுதாகச் சொல்கிறேன். பல பேர் நுழைய விண்டோஸ் சர்வருக்கு மூன்று தனித்தனி உரிமங்கள் வேண்டும். முதலாவது சர்வர் மென்பொருள். பிராசசரின் கோர் எண்ணிக்கைக்கு விலை, குறைந்தது 16 கோர். இரண்டாவது சர்வர் சி.ஏ.எல். (கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ், அதாவது நுழைவு உரிமம்); சர்வரைத் தொடும் ஒவ்வோர் ஆளுக்கும் அல்லது சாதனத்துக்கும் ஒன்று. இதற்கு கீ கிடையாது, எங்கும் நிறுவுவதும் இல்லை, வெறும் கணக்குதான். மூன்றாவது ஆர்.டி.எஸ். (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) சி.ஏ.எல்.; ரிமோட் டெஸ்க்டாப்பில் திரையோடு நுழைவதற்கு. இது லைசென்ஸ் சர்வரில் (உரிமங்களை எண்ணித் தரும் விண்டோஸ் பகுதி) நிறுவி ஆக்டிவேட் செய்ய வேண்டியது. முதலாவதை வாங்கினால் இரண்டாவதும் மூன்றாவதும் கூட வராது. இரண்டாவதும் மூன்றாவதும் இல்லாமல் இரண்டு பேர் நுழைய முடியும் என்பது உண்மைதான்; ஆனால் அது சர்வரைப் பராமரிக்கிறவருக்காக வைத்த வழி, ஊழியர் உட்கார்ந்து பில் போட அல்ல.

மூன்றாவதை வாங்கி நிறுவ அவகாசம் தேவை என்பதற்காக, பல பேரை நுழையவிடும் செஷன் ஹோஸ்ட் ரோலைப் போட்ட பிறகு 120 நாள் யாரையும் தடுக்காமல் விடுகிறது விண்டோஸ். வாங்குகிறவருக்குக் கொடுத்த அவகாசம் அது. அதைத்தான் உங்கள் டீலர் '15 யூசர்' என்று உங்களுக்கே விற்றிருக்கிறார். 15 என்ன, அந்த நான்கு மாதத்தில் 50 பேர் நுழைந்திருந்தாலும் விட்டிருக்கும். பணம் முழுதும் கைக்கு வந்த பிறகுதான் கதவு மூடும் என்பது இந்த வியாபாரத்துக்கு வசதி. ₹6,000 வாங்கிக்கொண்டு ரெஜிஸ்ட்ரியில் அந்த நாள் கணக்கை அழித்துவிட்டுப் போவார். நான்கு மாதம் கழித்து மறுபடி அதே திங்கட்கிழமை. செய்யாத விற்பனைக்குத் தவணை வசூல் இது. எனக்குக் கோபம் வருவது இதனால்தான்: பணத்தையும் கொடுத்துவிட்டு, உரிமம் இல்லாமல் ஓட்டியவர் என்ற பழியையும் நீங்கள் சுமக்கிறீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு கணினியில் ரன் பெட்டியைத் திறந்து எம்எஸ்டிஎஸ்சி என்று அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடும் அட்மின் என்ற சொல்லும் சேர்த்து (ஆங்கிலத்தில் mstsc /admin) அட்மினிஸ்ட்ரேட்டராக நுழையுங்கள். இந்த வழி பூட்டப்படுவதில்லை. உள்ளே ஆர்.டி. லைசென்சிங் டயக்னோசரைத் திறந்தால் எத்தனை உரிமம் இருக்கிறது என்று தெரியும். பூஜ்யம் என்றுதான் இருக்கும். அந்தத் திரையைப் படமெடுங்கள். பில்லையும் கொட்டேஷனையும் அதோடு இணைத்து, '15 யூசர் என்று பணம் வாங்கியிருக்கிறீர்கள்; 15 ஆர்.டி.எஸ். சி.ஏ.எல்.லும் 15 சர்வர் சி.ஏ.எல்.லும் எங்கள் பெயரில் 15 நாளுக்குள் கொடுங்கள்' என்று டீலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வாக்குவாதம் வேண்டாம்.

மற்றவர்கள் கொட்டேஷனிலேயே பாருங்கள். மூன்று உரிமமும் மூன்று வரியாக, பதிப்பு ஆண்டு, எண்ணிக்கை, ஆள் கணக்கா சாதனக் கணக்கா, ஒரேமுறை வாங்குவதா ஆண்டுச் சந்தாவா என்ற விவரத்தோடு இருக்க வேண்டும். 'மல்டி யூசர் ரெடி' என்று ஒரே வரியில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: சர்வர் 2019-க்கு வாங்கிய 10 ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். இருக்கிறது. புதிய 2022 சர்வரில் செல்லுமா? (விருதுநகர்)

பதில்: செல்லாது. புதியது பழைய சர்வருக்குச் செல்லும், பழையது புதிய சர்வருக்குச் செல்லாது.

கேள்வி: முறையாக 12 ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். வாங்கி நிறுவிவிட்டோம், சர்வர் 2022. ஆனாலும் நுழைந்து சரியாக ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரையும் வெளியே தள்ளுகிறது. வாங்கியது போலியா? (சேலம்)

பதில்: போலியாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் வாங்கியது ஆள் கணக்கு. உங்கள் சர்வர், எல்லோருடைய லாகினையும் ஒரே இடத்தில் வைக்கும் டொமைனில் இல்லாமல், கணினிகள் தனித்தனியாக இருக்கும் ஒர்க்குரூப்பில் இருக்கிறது. ஆள் கணக்கு உரிமத்துக்கு டொமைனின் பயனர் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரி வேண்டும். அது இல்லையென்றால் சர்வர் 2019 முதல் 60 நிமிடத்தில் லாகினை அறுத்துவிடும். ஒர்க்குரூப்பில் சாதனக் கணக்குதான் ஓடும்.

வழி இரண்டு. விற்றவரிடம் சாதனக் கணக்காக மாற்றித் தரச் சொல்லலாம். இல்லையென்றால் டொமைன் அமையுங்கள். அதற்குத் தனிக் கணினி தேவையில்லை: ஸ்டாண்டர்டு உரிமத்தில் ஹைப்பர்-வி (ஒரு கணினிக்குள் மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் மென்பொருள்) மட்டும் போட்டு இரண்டு மெய்நிகர் சர்வர்கள் ஓட்ட அனுமதி உண்டு. ஒன்றில் டொமைன் கன்ட்ரோலர், மற்றதில் ரிமோட் டெஸ்க்டாப். இரண்டையும் ஒரே விண்டோஸுக்குள் திணிக்காதீர்கள்.

எது வாங்குவது என்று யோசிப்பவர்களுக்கு: ஷிஃப்டில் மூன்று பேர் மாறி மாறி ஒரே கணினியில் உட்கார்ந்தால் சாதனக் கணக்கு லாபம். ஒரே ஆள் அலுவலகம், வீட்டு லேப்டாப், கைபேசி என்று நுழைந்தால் ஆள் கணக்கு. நான் முதலில் வாங்கிய பத்தும் சாதனக் கணக்கு. சில பேருடைய லேப்டாப்பும் கைபேசியும் சேர்ந்து ஒரே மாதத்தில் தீர்த்துவிட்டன.

கேள்வி: குரூப் பாலிசியில் (விண்டோஸ் விதிகளை அமைக்கும் இடம்) 'இணைப்பு எண்ணிக்கை வரம்பு' என்ற இடத்தில் 999999 போட்டால் வரம்பு போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்துச் செய்தேன். இரண்டு பேருக்கு மேல் இன்னும் விடவில்லையே? (தஞ்சாவூர்)

பதில்: 999999 என்றால் 'பாலிசி தடுக்காது' என்று பொருள், உரிமம் வந்துவிட்டது என்று அல்ல. செஷன் ஹோஸ்ட் ரோல் வேண்டும், அதற்கு ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். வேண்டும். நிறுவிய பிறகு அதே பாலிசிப் பகுதியில் லைசென்சிங் என்ற கிளைக்குள் இரண்டைக் குறிக்க மறக்காதீர்கள்: லைசென்ஸ் சர்வரின் பெயர், உரிம வகை. அந்த இரண்டையும் விட்டுவிட்டு 'வாங்கியும் வேலை செய்யவில்லை' என்று எழுதுகிறவர்கள் உண்டு.

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் ஒரு உபுண்டு (லினக்ஸ்) சர்வர். 60 மாணவர்கள் வகுப்பு தொடங்கும்போது எஸ்.எஸ்.ஹெச். (தொலைவிலிருந்து நுழையும் முறை) வழியாக ஒரே நேரத்தில் நுழைந்தால் பலருக்கு இணைப்பு அறுந்துபோகிறது. சப்ளையர் கட்டமைப்பு ஃபைலைத் திறந்து 10 என்ற எண்ணைக் காட்டி, 'இது பத்து யூசர் எடிஷன்' என்று சொல்லி 60 யூசர் லைசென்ஸுக்கு ₹48,000 வாங்கிப்போனார். பிறகும் அப்படியேதான் இருக்கிறது. (லேப் பொறுப்பாளர், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: உங்களைச் சுத்தமாக ஏமாற்றியிருக்கிறார். உபுண்டுவில் பத்து யூசர் எடிஷன் என்று ஒன்று கிடையவே கிடையாது. அதை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் உபுண்டு ப்ரோ என்று ஒரு சந்தா விற்கிறது. அதுவும் கணினிக் கணக்கு, ஆள் கணக்கு அல்ல. பணம் வாங்கியவர் யாருடைய உரிமத்தை விற்றார், சான்றிதழ் எங்கே என்று கல்லூரி முத்திரையோடு எழுத்தில் கேளுங்கள். காட்ட ஒன்றுமிருக்காது. பணத்தைத் திரும்பக் கேட்க அந்தக் கடிதமே ஆதாரம்.

அவர் காட்டிய வரி எஸ்.எஸ்.ஹெச்.டி. கட்டமைப்பு ஃபைலில் 'மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் 10:30:100' என்று இருக்கும். கடவுச்சொல் இன்னும் சரிபார்க்கப்படாத இணைப்புகள் பத்தைத் தொட்டதும், புதிதாக வருவதில் நூற்றுக்கு முப்பது வீதம் தள்ளிவிடத் தொடங்கும்; கூட்டம் ஏற ஏற வீதமும் ஏறி, நூறானால் எல்லாவற்றையும் மறுக்கும். 60 பேர் மணியடித்ததும் சேர்ந்து நுழைவதால்தான் அறுகிறது. ஐந்து நிமிடம் கழித்து முயன்றால் எல்லோரும் நுழைந்திருப்பார்களே, கவனித்திருப்பீர்கள்.

வரியின் தொடக்கத்தில் உள்ள # குறியை எடுத்துவிட்டு 100:30:200 என்று மாற்றுங்கள். குறியை எடுக்காவிட்டால் மாற்றம் எடுபடாது. சேவையை மறுதொடக்கம் செய்யுமுன் 'எஸ்எஸ்ஹெச்டி -டி' (sshd -t) என்ற சோதனைக் கட்டளையை ரூட்டாக ஓட்டிப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே நுழைந்த ஒரு ஜன்னலை மூடாமல் வைத்திருங்கள். பக்கத்தில் 'மேக்ஸ்செஷன்ஸ் 10' என்றும் இருக்கும். அது ஒரே இணைப்புக்குள் திறக்கும் செஷன்களுக்கு. அதைத் தொடத் தேவையில்லை.

எல்லா மாணவர்களுக்கும் ஒரே பொதுக் கணக்கு என்றால் இன்னொரு இடத்தையும் பாருங்கள்: இ.டி.சி. ஃபோல்டரில் செக்யூரிட்டிக்குள் லிமிட்ஸ் ஃபைலில் 'மேக்ஸ்லாகின்ஸ்' என்று யாராவது வரம்பு போட்டிருந்தால், அதற்கு மேல் வருகிறவருக்கு லாகின் அதிகம் என்ற செய்தி வரும். வேலை பத்து நிமிடம், செலவு பூஜ்யம்.

கேள்வி: 20 பேருக்கு எல்லா உரிமமும் முறையாக இருக்கிறது. எட்டுப் பேருக்கு மேல் நுழைந்தால் சர்வர் ஊர்கிறது. 16 ஜி.பி. ரேம், சாதா ஹார்டு டிஸ்க். மலிவாக வந்ததால் விவரம் பார்க்காமல் வாங்கிவிட்டோம். (கோயம்புத்தூர்)

பதில்: லட்சக்கணக்கில் உரிமம் வாங்குகிறவர் ரேம் எவ்வளவு என்று ஒரு வரி படிக்கக் கூடாதா? இருபது பேர் வேலை செய்யும் இயந்திரத்தை விலையை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான்.

விண்டோஸுக்கு 4 ஜி.பி. ஒதுக்குங்கள். டேலியும் எக்செலும் மட்டும் திறப்பவருக்குத் தலைக்கு 1 ஜி.பி., குரோமும் திறப்பவருக்கு 2 ஜி.பி. என்று கூட்டுங்கள். உங்களுக்கு 48 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. ஹார்டு டிஸ்க்கை எஸ்.எஸ்.டி. ஆக்குங்கள், இரண்டு போட்டு மிரர் (ஒன்றின் நகல் மற்றதில்) செய்யுங்கள். ரேம் வாங்குமுன் இப்போதிருப்பது ஆர்.டி.ஐ.எம்.எம். வகையா யு.டி.ஐ.எம்.எம். வகையா என்று பாருங்கள். இரண்டும் கலந்தால் சர்வர் கிளம்பாது.

அதுவரை ஒரு நிவாரணம்: லாக் ஆஃப் செய்யாமல் ஜன்னலை மட்டும் மூடிப்போகிறவர்களின் செஷன் ரேமைப் பிடித்துக்கொண்டே கிடக்கும். டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் பக்கத்தில் பெயர் பெயராகத் தெரியும். துண்டித்த செஷனை இரண்டு மணி நேரத்தில் முடிக்கும்படி பாலிசியில் நேர வரம்பு வையுங்கள்.

கேள்வி: நான் ஒரு கணக்குப் பதிவாளர், என் பிழைப்புக்கு நானே நடத்தும் சின்ன அலுவலகம். ஆன்லைன் சந்தையில் '50 யூசர் ஆர்.டி.எஸ். சி.ஏ.எல்., வாழ்நாள் முழுக்க' என்று ₹1,799-க்கு வாங்கினேன். மின்னஞ்சலில் ஒரு கீ வந்தது. ஆறு வாரம் ஓடியது. சர்வரை மறுபடி நிறுவியபோது அந்தக் கீயை ஏற்கவில்லை. விற்றவர் பதில் சொல்வதில்லை. (திருப்பூர்)

பதில்: அது பெரும்பாலும் வேறு யாரோ ஒரு நிறுவனத்தின் மொத்த ஒப்பந்தத்துக் கீ. அவர்களுக்கே மறுவிற்பனை உரிமை இல்லாததை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். நானும் இப்படி ஒன்று வாங்கிப் பணத்தை இழந்தவன்தான், ஆகவே வாங்கியதற்காக உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன்.

'தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் பொருந்தாது' என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு விலக்கு இருந்தாலும், சுயதொழில் வழியாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவர் நுகர்வோரே. உங்கள் கடிதத்தின் முதல் வரியே உங்களுக்குப் பாதுகாப்பு. புகாரிலும் அதை முதலில் எழுதுங்கள்.

முதலில் சந்தைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு. 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ₹5,00,000 வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரப் பக்கத்தின் படம், பணம் கட்டிய விவரம், கீ வந்த மின்னஞ்சல், ஏற்க மறுத்த திரை நான்கும் வேண்டும். விளம்பரத்தை அவர்கள் நீக்குமுன் இன்றைக்கே படமெடுங்கள்.

மறுபடி வாங்கும்போது மைக்ரோசாஃப்ட்டின் அங்கீகாரம் பெற்ற பார்ட்னரிடம் சி.எஸ்.பி. முறையில் (பார்ட்னர் வழியாக உரிமம் விற்கும் மைக்ரோசாஃப்ட் திட்டம்) கேளுங்கள். அப்படி வாங்கியது உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் அட்மின் கணக்கில், உங்கள் நிறுவனத்தின் பெயரில் தெரியும். பணம் கொடுத்த அன்றே நுழைந்து பார்க்கலாம்.

கேள்வி: சாதனக் கணக்கில் 20 உரிமம். பழைய மூன்று கணினிகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம். புதிய கணினிகளை விட மறுக்கிறது. இன்னும் மூன்று வாங்கத்தான் வேண்டுமா? (மதுரை)

பதில்: வேண்டாம். ஆர்.டி. லைசென்சிங் மேனேஜரில் அந்த மூன்று பழைய பெயர்களைத் தேர்ந்து ரிவோக் கொடுங்கள். ஒரு நேரத்தில் மொத்தத்தில் 20 சதவீதம் வரை திரும்ப எடுக்கலாம். உங்களுக்கு நான்கு, தேவை மூன்று. சும்மா விட்டாலும் 52 முதல் 89 நாளுக்குள் தானாகத் திரும்பிவிடும்.