எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லையா? முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள்

கேள்வி: எங்கள் 20 அடி பைபர் படகுக்குப் புதிதாக 9.9 எச்.பி. போர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் வாங்கினோம். ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினால் எஞ்சின் கத்துகிறது, படகு போகவில்லை. அலை ஏறும்போதும் திருப்பும்போதும் இன்னும் மோசம். ரன்னிங்-இன் முடிந்தால் சரியாகிவிடும் என்கிறார் வாங்கித் தந்த ஏஜென்ட். கார்புரேட்டர் ஜெட்டைப் பெரிதாக்கலாம் என்கிறார் மெக்கானிக். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். பெட்ரோல் போதாமலோ கார்புரேட்டர் கோளாறாலோ என்றால் எஞ்சின் கம்மும், சுற்று ஏறாது. உங்களுக்குச் சுற்று ஏறுகிறது, தள்ளுதான் இல்லை. விசிறி தண்ணீரைத் தள்ளாமல் காற்றைக் கடைகிறது.

படகைக் கரையேற்றி, கடையால் பலகையில், அதாவது படகின் பின்பக்கப் பலகையில், மோட்டார் உட்காரும் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை நடுவில் அளந்து பாருங்கள். சுமார் 15 அங்குலம் என்றால் தண்டு குட்டையான ஷார்ட் ஷாப்ட் மோட்டார் வேண்டும், 20 என்றால் தண்டு நீளமான லாங் ஷாப்ட். விசிறிக்கு மேலே அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு, படகின் அடிக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். 20 அங்குலப் பலகையில் ஷார்ட் ஷாப்ட்டை மாட்டினால் அது 5 அங்குலம் மேலே நிற்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு என் முதல் சந்தேகம் இதுதான். கூலிங் தண்ணீர் உறிஞ்சும் ஓட்டையும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. பின்னால் பீய்ச்சும் தண்ணீர் விட்டுவிட்டு வந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள்.

அளவு சரியாக இருந்தால், மோட்டாரின் சாய்வை மாற்றும் கம்பி எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். ஓடும்போது அந்தத் தட்டு தண்ணீருக்கு இணையாக இருக்க வேண்டும். வெளியே அதிகம் சாய்ந்திருந்தாலும் காற்று இழுக்கும்.

அளவு தப்பு என்றால் பலகையை 5 அங்குலம் வெட்டித் தாழ்த்தித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். வெட்ட விடாதீர்கள். பின்னாலிருந்து வரும் அலை அந்த வழியாகத்தான் உள்ளே ஏறும். லாங் ஷாப்ட்டாக மாற்றித் தரச் சொல்லி டீலரிடமே நில்லுங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் மோட்டார் பிராக்கெட்டில் உள்ளதும் ஒன்றா, வாரன்டி உங்கள் பெயரில்தான் பதிவானதா என்று இன்றே பாருங்கள். மானியமோ கடனோ, எத்தனை எச்.பி. என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பலகை எத்தனை அங்குலம் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. ஏஜென்டுக்கு கமிஷன் வந்ததும் வேலை முடிந்தது.

ஜெட்டில் கை வைத்தால் பிளக் கரி பிடிக்கும், வாரன்டியும் போகும். ரன்னிங்-இன் என்பது முதல் 10 மணி நேரம் எஞ்சினைப் பதமாக ஓட்டுவது. அது ஷாப்ட்டை நீளமாக்காது.

விசிறியை மாற்றச் சொல்பவரையும் நம்பாதீர்கள், ஒரே ஒரு விலக்கு தவிர. ஷாப்ட், சாய்வு இரண்டும் சரியாகி, ரன்னிங்-இன்னும் முடிந்த பிறகு, வழக்கமான சுமையோடு, அதாவது ஆள், வலை, ஐஸ், பெட்ரோல் எல்லாம் ஏற்றி, முழுசாகத் திருகி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று டேக்கோமீட்டரில் பாருங்கள். காலிப் படகில் பார்த்தால் கணக்கு பொய். கையேட்டில் 5,000 முதல் 6,000 என்று போட்டிருந்து உங்களுக்கு 4,600-தான் வருகிறது என்றால் எஞ்சினுக்கு அந்த விசிறி பாரம். அதில் 9¼ × 9 என்பதுபோல் பொறித்திருக்கும். இரண்டாவது எண்தான் பிட்ச், அதாவது விசிறி ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. அதில் ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். சுற்று 6,000-ஐத் தாண்டினால் பிட்ச்சைக் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது. இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எல்லாம் சரியானாலும் சுமையோடு 6, 7 நாட் வேகம்தான் எதிர்பார்க்கலாம். 12 நாட் என்று விற்றவர் சொல்லியிருந்தால் அது காலிப் படகின் கணக்காக இருக்கும். விசிறியை மாற்றினால் பழையதைக் கடையில் விட்டுவராதீர்கள். விசிறி நட்டைப் பூட்டும் காட்டர் பின் இரண்டும் ஒரு பிளக் ஸ்பேனரும் சேர்த்துப் படகிலேயே கட்டி வையுங்கள்.