எடை குறைக்கும் சுகர் ஊசி அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்குமா? இன்சுலின் போடப் பயப்படும் அக்காவுக்கு என்ன சொல்வது?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது: அக்காவுக்கு வயது 46, எடை 94 கிலோ, ஒன்பது வருடமாகச் சுகர், மாத்திரைக்கு அடங்கவில்லை. அரசு டாக்டர் இன்சுலின் போடச் சொல்லிவிட்டார், அக்கா மாட்டேன் என்கிறார். லண்டனில் இருக்கும் உறவுக்காரர் வாரம் ஒரு தடவை போடுகிற ஊசி இருக்கிறது, எடையும் குறையும், அங்கே அரசாங்கமே கொடுக்கிறது என்றாராம். அது ராமநாதபுரம் பக்கம் கிடைக்குமா?

எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஜி.எச்.சிலும் நான் கேட்டுப் பார்த்தவரை கிடைக்கவில்லை. நான் கீழக்கரைப் பக்கம். பதினோரு வருடமாக உம்மாவை (என் அம்மாவை) சுகர் மாத்திரைக்கும் அப்புறம் இன்சுலினுக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருகிறேன். அந்த அனுபவத்தில் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த வார ஊசிக்காகக் காத்திருந்து இன்சுலினைத் தள்ளிப்போட விடாதீர்கள். மாத்திரைக்கு அடங்காத சுகரோடு ஓடுகிற ஒவ்வொரு மாசமும் கண்ணையும் கிட்னியையும் காலையும் தின்றுகொண்டே இருக்கும், வலிக்காது, அதனால்தான் தெரியாது.

லண்டன் விஷயத்தையும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே அரசு மருத்துவத்தில் 2025 ஜூனிலிருந்து பகுதி டாக்டர்களே எடைக்காக மவுஞ்சாரோ என்ற வார ஊசியை எழுதலாம் என்று வந்தது உண்மைதான். ஆனால் முதல் கட்டத்தில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு 37.5, அதோடு சுகர், பிரஷர், இருதய நோய், கொழுப்பு, தூக்கத்தில் மூச்சடைப்பு இந்த ஐந்தில் குறைந்தது நாலு இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அக்கா 5 அடி 2 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பி.எம்.ஐ. 38 வருகிறது. அப்படியென்றால் எடைக் கணக்கில் உள்ளே வருவார், ஆனால் மற்ற நோய்களும் இல்லாவிட்டால் லண்டனிலேயே எடைக்காக அந்த ஊசி கைக்கு வராது.

இங்கே மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் கடைக்கு வந்தது. வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. ஒரு குப்பி ஒரு வாரத்துக்கு, அப்போ மாசத்துக்கு 14,000-லிருந்து 17,500. கடலுக்குக் கூலிக்குப் போகிற வீட்டில் ஒரு மாச வருமானம் முழுக்க அதற்கே போய்விடும், அதிலும் ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த வருமானமும் கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது, வீட்டில் வாராவாரம் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு உதவாது. நிலைமை மாறலாம் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. இதே வகையில் இன்னொரு மருந்தான செமாகுளுடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான், அப்புறம் நம் நாட்டுக் கம்பெனிகளே செய்யலாம். உலக சுகாதார நிறுவனமும் 2025 செப்டம்பரில் இந்த ஊசிகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கேட்டால்தான் வரும். ஆனால் வரும்வரை அக்காவின் உடம்பு காத்திருக்காது.

இப்போது கையில் இருப்பது இன்சுலின், காசில்லாமல். அக்காவின் சீட்டு, பழைய ரத்தப் பரிசோதனைத் தாள், ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பி.எச்.சி.க்குப் போய் தொற்றாநோய்ப் பிரிவு நர்ஸைப் பாருங்கள். மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் ஆட்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், ஆனால் இன்சுலின் தொடங்குவது டாக்டர் முகத்துக்கு நேரேதான் நடக்க வேண்டும், அளவு மாற்ற மாற்றப் போய்க் காட்ட வேண்டியிருக்கும். மூணு மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை அங்கே இல்லையென்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, வெயில் ஏறுவதற்குள் போய் வந்துவிடலாம். சிரிஞ்சையும் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் நாமே மறந்துவிடுவோம். இன்சுலினில் எடை கொஞ்சம் கூடும், அதை அக்காவிடம் மறைக்காதீர்கள். கூடவே மெட்பார்மின் மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், எடை ஏறாமல் பிடிக்க அது உதவும்.

இனி சொல்வது எங்கள் வீட்டில் நடந்தது. தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

என் காக்கா (அண்ணன்) சவூதியில் தம்மாமில் வேலை பார்த்தவர். ஒரு தடவை ஊருக்கு வரும்போது உம்மாவுக்கு என்று ஆசையாக அங்கிருந்து இன்சுலின் பாட்டில் வாங்கி வந்தார். பெயரும் 30/70 என்ற எண்ணும் நம்முடையதைப் போலவே இருந்தது. நானும் வழக்கம்போல சிவப்பு மூடி சிரிஞ்சில் 16 கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் உம்மா குளித்த மாதிரி வியர்த்து, கை நடுங்கி, என்னைப் பார்த்தே யார் நீ என்று கேட்டார். சுகர் பார்க்கும் மெஷினில் 48, ரொம்பத் தாழ்ந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கும் நினைவு இருந்தது. கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுத்தோம், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து மறுபடி கொடுத்து, அப்புறம் சோறு கொடுத்துத்தான் ஆள் மீண்டார். நினைவே இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

நடந்தது என்னவென்று அப்புறம்தான் நர்ஸம்மா விளக்கினார். நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் தரும் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்சின் கோடுகள் அதற்காகப் போட்டவை. வளைகுடாவிலிருந்து வந்த பாட்டிலில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அப்போ 16 கோடு என்பது உண்மையில் 40 யூனிட், இரண்டரை மடங்கு. 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அதில் நம் பாட்டிலை இழுத்தால் தலைகீழாக, போட வேண்டியதில் பாதிகூடப் போகாது, சுகர் இறங்கவே இறங்காது. பாட்டிலில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு புதுப் பாட்டிலுக்கும் பாருங்கள். நம் கரையில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், இந்தத் தப்பு வேறு எந்த வீட்டிலும் நடக்க வேண்டாம்.

திறக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜில் 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் கூடாது. ஒரு தடவை உறைந்துவிட்டால் உருகினாலும் அது வேலைக்கு ஆகாது. மீன் ஐஸ் பெட்டியில் ஐஸ் மேலேயே வைத்துக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தப்பு, துணியில் சுற்றி ஐஸ் படாமல் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு மண்பானைக்குள் சின்னப் பானை, இரண்டுக்கும் நடுவில் ஈர மணல், உள்ளே பாட்டில், மேலே ஈரத்துணி. புயல் நேரத்தில் நாலு நாள் கரண்ட் இல்லாதபோது எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான். திறந்த பாட்டிலில் தேதி எழுதுங்கள், நாலு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து சரக்கு கொண்டுவரும் குருவிகள் கையில் எடை குறைக்கும் பேனா ஊசி வருகிறது, பாதி விலை என்று வாட்ஸாப்பில் யாராவது சொன்னால் வாங்காதீர்கள். செமாகுளுடைடு ஊசியான ஒசெம்பிக்கில் போலி புழங்குவதாக உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது. அசலாகவே இருந்தாலும் பெட்டிக்குள் வெயிலில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? அக்கா பின்னால் எப்போதாவது வார ஊசிக்குப் போனாலும், குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய், அவருக்குக் கணையத்தில் வீக்கம் வந்த கதை எதுவும் உண்டா என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லட்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ எடுத்துக்கொண்டே இதையும் போட்டால் சுகர் தாழும், அளவைக் குறைத்துத் தர வேண்டியது டாக்டர்.

அக்காவின் பயத்துக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். உம்மாவும் ஆறு மாதம் மாட்டேன் என்றுதான் இருந்தார். ஒரு நாள் அவர் எதிரில் உட்கார்ந்து, புது சிரிஞ்சு ஒன்றைப் பிரித்து, மருந்து எதுவும் இழுக்காமல் வெறும் ஊசியை என் வயிற்றில் குத்திக் காட்டினேன். எறும்பு கடித்த அளவுகூட இல்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு புதுசு எடுத்தேன், உம்மா சேலையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, சரி போடு என்றார்.