டிராக் டே டவுட்டுகள்: லெதர் சூட்ல ஆரம்பிச்சு லாஸ்ட் செஷன் வரைக்கும்

நம்ம பைக்க ரேஸ் டிராக்ல ஓட்டிப் பாக்குற நாள்தான் டிராக் டே. அதுக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் போயிட்டு வந்து ரெண்டு போட்டோ போட்டேன், இன்பாக்ஸ் ரொம்பி வழியுது. பாதி பேரு டாப் ஸ்பீடு எவ்ளோன்னு கேட்டிருக்கீங்க, அதுக்கெல்லாம் பதில் கிடையாது. உருப்படியா இருந்தத மட்டும் எடுத்திருக்கேன்.

கே: அண்ணே, கேடிஎம் ஆர்சி 390 பைக் வச்சிருக்கேன், அடுத்த மாசம் முதல் டிராக் டே. மெஷ் ஜாக்கெட், ஜீன்ஸ், ஷூ இருக்கு, போதுமா? லெதர் சூட் வெலய கேட்டா தல சுத்துது. (ஆவடி தம்பி)

ப: போதாது தம்பி. முதல்ல கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. டிராக்ல விழுந்தா ரோட்டுல மாதிரி அங்கயே நிக்க மாட்ட, தார்ல தேய்ஞ்சுகிட்டே போவ, ஜீன்ஸ்லாம் அதுக்கு முன்னாடி காகிதம்.

சூட் வாங்க வேணாம், வாடகைக்கு கிடைக்குது, ஆனா கொடுத்தத அப்படியே மாட்டிக்காத. கக்கத்துலயும் பின்பக்கமும் தையல் விட்டிருக்கான்னு பாரு. முழங்கை ஆர்மர (உள்ள இருக்குற பாதுகாப்பு பேட்) புடிச்சு திருகு, சுத்துச்சுன்னா சைஸ் பெருசு, விழும்போது அது நகந்து போய் வெறும் எலும்புதான் அடி வாங்கும். நேரா நின்னா கூன் போட்ட மாதிரி இழுக்குதா, பைக் மேல படுத்தா சௌகரியமா இருக்கா, அதான் உன் சைஸ். டூ பீஸ்னா இடுப்ப சுத்தி முழுசா ஜிப் இருக்கணும். கிளவுஸ் மணிக்கட்டு தாண்டி ஏறணும், ஸ்ட்ராப் போட்டப்புறம் யாரையாவது விட்டு இழுக்கச் சொல்லு, கழண்டு வந்தா வேற பாரு.

ஹெல்மெட்ட மட்டும் வாடகைக்கு எடுக்காத, முன்னாடி எத்தன தடவ விழுந்ததுன்னு வெளிய தெரியாது. ஃபுல் ஃபேஸ், டபுள் டி ரிங் (ரெண்டு வளையத்துல ஸ்ட்ராப்ப கோத்து இறுக்குறது), ஈசிஇ 22.06ங்கிற ஐரோப்பிய பாதுகாப்புத் தர ஸ்டிக்கர். காச மிச்சம் புடிக்கிறதா இருந்தா எக்ஸாஸ்ட் மாத்துற செலவுல புடி.

கே: கூலன்ட் மாத்தணும்னு சொல்றாங்க, நிஜமாவா? வண்டில வேற என்ன பாக்கணும்?

ப: நிஜம்தான். கூலன்ட்ல கிளைகால்ங்கிற ரசாயனம் இருக்கு, ட்ராக்ல கொட்டுனா தண்ணி மாதிரி காயாது, வழவழன்னு கெடக்கும், பின்னாடி வர்றவன் அதுல ஏறுனா அவ்ளோதான். டிஸ்டில்ட் வாட்டர் ஊத்திட்டு போ, நம்ம ஊரு வெயில்ல உறையப் போறதில்ல. வீட்டுக்கு வந்ததும் மறக்காம கூலன்ட்டுக்கு மாத்திடு, இல்லன்னா உள்ள துரு புடிக்கும்.

மிரர், நம்பர் பிளேட், சாரி கார்டு எல்லாம் கழட்டணும், ஹெட்லைட்டுக்கு டேப். சைட் ஸ்டாண்ட கழட்டச் சொன்னா சென்சர பாத்துக்க, இல்லன்னா கியர் போட்டதும் இன்ஜின் ஆஃப் ஆகும், பிட்ல (டிராக் ஓரத்துல வண்டிய நிறுத்துற எடம்) உக்காந்து முழிப்ப. பிரேக் ஃப்ளூயிட் பழசுன்னா மாத்து, அது காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும், திரும்பத் திரும்ப ஃபுல் பிரேக் அடிச்சா கொதிச்சு லிவர் பஞ்சு மாதிரி உள்ள போயிடும், அதுவும் நேரா போற ஸ்ட்ரெய்ட் முடியுற எடத்துல.

ஒன்னு சொல்றேன். ஒரு தடவ முன்னாடி நாள் சர்வீஸ் விட்டு எடுத்துட்டு வந்து, காலைல பேடாக்ல (டிராக்ல இறங்குறதுக்கு முன்னாடி வண்டிய தயார் பண்ற எடம்) சும்மா ஸ்பேனர் வச்சு பாத்தா, முன் பிரேக் கேலிப்பர் போல்ட் ஒன்னு கை விரல்லயே சுத்துது. அன்னைல இருந்து எந்த மெக்கானிக்கையும் நம்புறதில்ல, அளவா இறுக்குற டார்க் ரெஞ்ச் வச்சு நானே டைட் பண்ணி போல்ட் மேல பெயின்ட் பேனால ஒரு கோடு போட்டுடுவேன். கோடு நகந்தா போல்ட் நகந்திருக்கு.

கே: டயர் பிரஷர்?

ப: டயர் கம்பெனி டிராக்குக்கு சொல்ற ஹாட் பிரஷர், அதாவது ஓட்டி டயர் சூடானப்புறம் இருக்க வேண்டிய பிரஷர், என்னன்னு பாரு. ரோட்டுக்கு வைக்கிறத அப்படியே வச்சு இறங்குனா சூடு ஏறி நாலஞ்சு பிஎஸ்ஐ கூடிடும், கிரிப் போயிடும். செஷன் (ஒரு தடவ டிராக்ல இறங்கி ஓட்டுற நேரம்) முடிஞ்சு பிட்டுக்கு வந்த உடனே செக் பண்ணு, டீ குடிச்சுட்டு வந்து இல்ல. டயர் சைடுல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. அப்படி பழசாகி கல்லா போன டயர்ல வந்துடாதீங்க, த்ரெட் எவ்ளோ இருந்தாலும் சரி.

கே: வேகமா வர்றவங்க ஓவர்டேக் பண்றப்போ பயந்து ஓரமா ஒதுங்கிடறேன், தப்பா? (கோவை, ரெண்டு தடவ செட்டிபாளையம் டிராக் போயிருக்கேன்)

ப: தப்புமா, அதுதான் ரொம்ப ஆபத்து. பின்னாடி வர்றவரு உங்க லைன, அதாவது நீங்க போற பாதைய பாத்து எந்தப் பக்கம் போறதுன்னு ஏற்கனவே முடிவு பண்ணியிருப்பாரு. நீங்க திடீர்னு ஒதுங்குனா நேரா அவரு வழியிலதான் போய் நிப்பீங்க. பத்திரமா தாண்டுறது அவரு பொறுப்பு, ஒரே சீரா போறது உங்க பொறுப்பு, திரும்பிப் பாக்கவே வேணாம். பிட்டுக்குள்ள போகணும்னா மட்டும் முன்னாடியே இடது கைய தூக்கிக் காட்டுங்க.

அதோட கொடி. மஞ்சள்னா முன்னாடி ஏதோ ஆயிருக்கு, ஓவர்டேக் கூடாது. சிவப்புன்னா செஷன் நிறுத்தியாச்சு, படார்னு பிரேக் அடிக்காம மெதுவா பிட்டுக்கு வாங்க. மஞ்சள்ல சிவப்புக் கோடு போட்டிருந்தா தரை வழுக்குது. கருப்புல ஆரஞ்சு வட்டம்னா உங்க வண்டில ஏதோ ஒழுகுது, இல்ல தொங்குது, லைன விட்டு ஓரம் கட்டி நிறுத்துங்க. பிரீஃபிங்ல இதெல்லாம் சொல்றப்போதான் நம்மாளுங்க செல்ஃபி எடுத்துட்டு இருப்பாங்க.

கே: விழுந்தா என்ன பண்ணணும்? நீங்க விழுந்திருக்கீங்களா?

ப: விழாமலா. சாயங்காலம் கடைசி செஷன், தண்ணி சரியா குடிக்கல, லெதருக்குள்ள வெந்துட்டு இருக்கேன், கையில பிடியே இல்ல, ஆனா காலைல தாண்டிப் போன ஒருத்தன புடிக்கணும்னு ஒரு வெறி. கார்னருக்குள்ள பிரேக்க விடாம இழுத்துட்டே போனேன், முன் வீல் மடங்குச்சு. லெதர் தார்ல உரசுற சத்தம் ஹெல்மெட்டுக்குள்ள சர்ருன்னு கேட்டுது. அப்புறம் சத்தம் கொறஞ்சுது, நின்னுட்டோம்னு நெனச்சு எழுந்திரிச்சேன் பாருங்க, அங்கதான் மடத்தனம், நான் இன்னும் போயிட்டுதான் இருந்திருக்கேன், கால ஊனுன வேகத்துல ரெண்டு குட்டிக்கரணம். வழுக்கி விழுந்ததுல ஒன்னும் ஆகல, அந்தக் குட்டிக்கரணத்துலதான் காரை எலும்பு போச்சு.

அதனால, விழுந்தா ஹேண்டில விட்டுடு, பைக்கு அது பாட்டுக்கு போகட்டும். கைய ஊனாத. நின்ன மாதிரி தோணுனப்புறமும் மனசுக்குள்ள மூணு எண்ணு. அப்புறம் எந்தப் பக்கம் வண்டி வருதுன்னு பாத்துட்டு தடுப்புக்குப் பின்னாடி போயிடு, பைக்க தூக்கப் போகாத, அதுக்கு மார்ஷல்னு டிராக் ஆளுங்க இருக்காங்க. தலைல அடின்னா அன்னைக்கு ரைடிங் முடிஞ்சுது, ஹெல்மெட்டும் முடிஞ்சுது.

விழாம வெறும் லைன் தப்பி புல்லுக்குள்ள போனா முன் பிரேக்க தொடாத, வண்டிய நிமுத்தி நேரா ஓட விடு.

இப்போல்லாம் உடம்பு கொஞ்சம் தளர்ந்தாலே கடைசி செஷன விட்டுடறேன். ஓஆர்எஸ் காலைல இருந்தே, தாகம் எடுத்தப்புறம் இல்ல. மத்தியானம் பிரியாணி வேணாம், சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

கே: இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ணலாமா?

ப: வண்டி பாலிசில ரேஸு, ஸ்பீட் டெஸ்டிங்குக்கு கவர் இல்லன்னு போட்டிருக்கும், டிராக் டே அதுல வராதுன்னு நீங்களா நெனச்சுக்காதீங்க. உங்க ஹெல்த், ஆக்சிடென்ட் பாலிசிக்கும் எழுதிக் கேட்டு எழுத்துலயே பதில் வாங்குங்க.

கே: என் பையன் ராத்திரி ஈசிஆர்ல பைக் ஓட்டுறான், சொன்னா கேக்கல. டிராக்ல விடுங்கன்னு அவன் ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, அனுப்பலாமா தம்பி?

ப: அனுப்புங்க மா. அங்க எதிர்ல லாரி வராது, நாய் குறுக்க ஓடாது, ஆம்புலன்ஸ் ரெடியா நிக்கும். ஆனா அடிபடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், மேல என் கதைய படிச்சீங்கல்ல. முதல் தடவ நேரா ஓப்பன் டிராக் டேல விடாம, சொல்லிக் கொடுக்குற ஸ்கூல்ல சேருங்க, ஒரு ரவுண்டுக்கு எவ்ளோ நேரம்னு காட்டுற லேப் டைமர், போன் ஆப் எல்லாத்தையும் வீட்டுல வாங்கி வச்சுக்கங்க. இன்னொன்னு, வண்டிய டெம்போல ஏத்திட்டு போய் ஏத்திட்டே வரச் சொல்லுங்க. நாள் பூரா அங்க முறுக்கிட்டு அப்படியே பெங்களூரு ஹைவேல ஏறுனா கை இன்னும் டிராக் ஸ்பீடுலயேதான் இருக்கும்.