மோலில் இருந்து மூலக்கூறு: பெருக்குவதா, வகுப்பதா?

9 கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு, அவகாட்ரோ எண்ணால் பெருக்குவதா வகுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். டஜன் கணக்குதான் இது: 3 டஜன் வாழைப்பழம் என்றால் 12ஆல் பெருக்குவோம், 36 பழம் கையில் இருந்து டஜன் கேட்டால் வகுப்போம். மோலும் அப்படி ஒரு கட்டுதான், என்ன, கட்டு கொஞ்சம் பெரிது, 6.022 × 10²³; இதுதான் அவகாட்ரோ எண்.

தண்ணீரின் மோலார் நிறை (ஒரு மோலின் நிறை) 18 கிராம், அதனால் 9 கிராம் என்பது 0.5 மோல்; அதை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 3.011 × 10²³ மூலக்கூறுகள். அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். இங்கேதான் பலர் அவசரப்பட்டு இன்னொரு 3ஆல் பெருக்கிவிடுகிறார்கள், அது அணுக்களைக் கேட்டால் மட்டும் (ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1).

1.2044 × 10²⁴ மூலக்கூறு கொடுத்து மோல் கேட்டால்? வகுங்கள், 2 வரும். அப்புறம், அந்த 9 கிராம் கணக்கில் மூலக்கூறு எண்ணிக்கை 8.3 × 10⁻²⁵ என்று வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள். அரை மூலக்கூறுத் தண்ணீர்கூடக் கிடையாதே!