வாசகர் கேள்வி பதில்: பேனலில் கட்டிய வீட்டை நம்பலாமா?

இந்த முறை வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். எல்லாமே வீடு பற்றியவை.

எங்கள் பழைய போர்டு (குடிசை மாற்று வாரிய) வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். சுவரையும் தளத்தையும் பேனல்களாக, அதாவது பெரிய கான்கிரீட் பலகைகளாக, வேறெங்கோ செய்து லாரியில் கொண்டுவந்து பொருத்துவார்கள் என்கிறார்கள். 2021-இல் எங்கள் ஏரியாவில் ஒரு பிளாக்கே விழுந்தது. இதை நம்பி எப்படிக் குடிபோவது? (வாசகி, திருவொற்றியூர்)

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2021 டிசம்பர் 27 அன்று அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த பிளாக் சரிந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்னாடியே வெளியே ஓடிவந்ததால்தான் யாருக்கும் உயிர் போகவில்லை. ஆனால் அது பேனல் கட்டடம் இல்லை, அங்கேயே சென்ட்ரிங் அடித்து வழக்கமான முறையில் கட்டியது.

ப்ரீகாஸ்ட், அதாவது முன்கூட்டியே தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவரும் முறையில், இரும்பு அச்சுக்குள் கம்பி, கரண்ட் பைப், ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் முதலிலேயே வைத்துவிட்டு கான்கிரீட் ஊற்றுவார்கள். அளவு பிசகாது, மழை வந்தாலும் வேலை நிற்காது, கான்கிரீட் இறுகத் தண்ணீர் காட்டினார்களா இல்லையா என்ற சந்தேகமும் குறைவு. அந்த வகையில் பேனல், நம் ஊர் கட்டட வேலையைவிட ஒழுங்காகவே வரும். சிக்கல் வருவது பேனலும் பேனலும் சேருகிற மூட்டில்.

லண்டனில் ரோனன் பாயின்ட் என்று 22 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 1968 மே மாதம் 18-ஆவது மாடியில் ஒரு வீட்டில் கேஸ் வெடித்தது. வெடிப்பு பெரியதில்லை, ஆனால் ஒரு சுவர்ப் பேனல் வெளியே தள்ளப்பட்டதும் அதற்கு மேலே இருந்தவை கீழே விழ, அந்த எடையில் கீழ்த் தளங்களும் சரிந்து, கட்டடத்தின் ஒரு மூலையே போய்விட்டது. நான்கு பேர் இறந்தார்கள். பேனல்களை ஒன்றோடொன்று கம்பியால் சரியாகக் கட்டாமல் விட்டதுதான் காரணம். அதற்கப்புறம்தான், ஒரு சுவர் போனாலும் மற்றவை தாங்கி நிற்க வேண்டும் என்று விதிகள் இறுகின.

ஆகவே கட்டும்போதே போய்ப் பாருங்கள். கிரேன் பேனலை இறக்கியதும், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை இணைத்து, இடைவெளியில் சுருங்காத கலவையை ஊற்றுவார்கள். அது அடிவரை முழுசாக இறங்க வேண்டும். மேலாகப் பூசி மூடினால் அங்கேயே சத்தம் போடுங்கள். வெளிப்பக்க இடுக்கில் ரப்பர் மாதிரி ஒரு பூச்சு வைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை கடல் பக்கமிருந்து சாய்ந்தடிக்கும் ஊர் உங்களுடையது, உப்புக் காற்று வேறு. அந்தப் பூச்சு சில வருடங்களில் காய்ந்து பிளந்தால் தண்ணீர் நேராகக் கம்பிக்குப் போகும். அதைத் திரும்ப வைப்பது யார் பொறுப்பு என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாம் கட்டுகிறோம், பராமரிப்பதில்லை. வடசென்னையின் போர்டு வீடுகள் பாழானது பெரும்பாலும் அப்படித்தான்.

மாதவரம் பக்கம் அரை கிரவுண்ட் இருக்கிறது. இந்த முறையில் கட்டினால் செலவு பாதியாகுமா? (வாசகர், வியாசர்பாடி)

ஆகாது. அச்சு செய்கிற செலவு, ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான வீடுகள் கட்டினால்தான் கட்டுப்படியாகும். ஒற்றை வீட்டுக்குக் கிரேன் வாடகையே கையைக் கடிக்கும், தெருவில் டிரெய்லர் திரும்பவும் இடம் வேண்டும். வேகம்தான் முக்கியம் என்றால் இலகு இரும்புச் சட்ட வீடுகளைப் போய்ப் பாருங்கள், ஆனால் மலிவு என்று நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

ஆணி அடிக்க முடியாதாமே? வெயிலும் கொல்லுமாமே? (வாசகி, காசிமேடு)

டிரில் போட்டு மாட்டலாம், பைப் எங்கே ஓடுகிறது என்ற வரைபடத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு. சுவரை உடைத்து ஜன்னலைப் பெரிதாக்குவது, பக்கத்தில் ஒரு ரூம் இழுப்பதெல்லாம் கூடவே கூடாது. கட்டடத்தைத் தாங்குவதே அந்தச் சுவர்தான். வெயில் விஷயம் உண்மை, மெல்லிய கான்கிரீட் சுவர் செங்கலைவிடச் சூட்டை அதிகம் உள்ளே விடும். மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு வேகமாகக் கட்ட முடியும் என்றால் வீட்டுப் பற்றாக்குறை ஏன் தீரவில்லை? (வாசகர், ராயபுரம்)

முறை புதிதில்லை. பிரிவினையில் வந்த அகதிகளுக்காக 1948-லேயே டெல்லியில் அரசு ஒரு வீட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. பெரும்பாக்கத்தில் 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டி, 1,152 வீடுகளை ப்ரீகாஸ்ட்டில் கட்டி, 2022 மே மாதம் திறந்தும் விட்டார்கள், அதுவும் கொரோனாவுக்கு நடுவில். வேகம் நிரூபணமான விஷயம். ஆனால் பெரும்பாக்கம் திருவொற்றியூரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். விடிகாலையில் காசிமேட்டு ஏலத்துக்கு மீன் எடுக்கப் போகிறவர் அங்கிருந்து எப்படி வருவார்? நிலம் எங்கே என்ற கேள்விக்குத் தொழிற்சாலையில் பதில் இல்லை.

என் கருத்தில் இந்த முறை உண்மையாக உதவுவது, மக்கள் இருக்கிற இடத்திலேயே இடித்துக் கட்டும்போதுதான். வீட்டைக் காலி செய்த குடும்பம் பக்கத்தில் வாடகைக்குப் போகிறது. ஒரே சமயத்தில் நூறு குடும்பம் வீடு தேடினால் ஹவுஸ் ஓனர்கள் வாடகையை ஏற்றிவிடுகிறார்கள், வாரியம் வாடகைக்காகக் கொடுக்கிற தொகை கட்டடம் முடிவதற்குள் கரைந்துவிடுகிறது, அப்புறம் கடன். கட்டும் காலத்தில் குறைகிற ஒவ்வொரு மாதமும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு மாத வாடகை மிச்சம்.

ஆனால் ‘தற்காலிகம்’ என்று சொல்லி ஷெட் போட்டுக் கொடுத்தால் ஜாக்கிரதை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ப்ரீஃபேப் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும்) வீடுகளைப் பத்து வருடக் கணக்கில் போட்டார்கள், பலர் அதில் பல பத்தாண்டுகள் இருந்தார்கள். அங்கே அந்த வீட்டுக்குள் குளியலறையும் ஃபிரிட்ஜும் இருந்தன. இங்கே தகரத்தைத் தவிர வேறு என்ன இருக்கும்? அதனால் வீட்டைக் காலி செய்து கையெழுத்துப் போடுவதற்கு முன், இதே இடத்தில்தான் வீடு, இந்தத் தேதிக்குள் சாவி என்று இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவராகப் போகாமல் பிளாக்காகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.