ஆன்லைன் ரோல் பிளே: விளையாட்டு முடிந்த பிறகுதான் வகுப்பு

'அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு ஆன்லைன் ரோல் பிளே சிமுலேஷன் (ஆளுக்கொரு நாட்டின் பாத்திரம் ஏற்றுப் பேச்சுவார்த்தை நடத்தும் பயிற்சி) நடத்தினால் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்கிறார்களா, இல்லை அரட்டைதானா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் முதல் தடவை நான் நடத்தியது அரட்டைதான். மூன்று மணி நேர வீடியோ கூட்டம், ஆளுக்கொரு நாடு. வாயுள்ள நான்கு பேர் மொத்த உலகத்தையும் ஆண்டார்கள், மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டுக் காணாமல் போனார்கள்.

அடுத்த முறை வீடியோவே வேண்டாம் என்று முடிவுசெய்து, இரண்டு வாரம் முழுக்க எழுத்துச் செய்திகளாக நடத்தினேன். ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பக்கக் குறிப்பு: உங்கள் நாட்டுக்கு என்ன வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கொடுத்தால் சொந்த நாட்டிலேயே ஆட்சி கவிழும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், யோசித்து எழுத நேரம் கிடைத்ததும், ராத்திரியோடு ராத்திரியாக ஏழு நாடுகளைத் தன் பக்கம் இழுத்திருந்தார்.

ஐ.நா. பாதுகாப்பு சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 15 உறுப்பினர்கள், தீர்மானம் நிறைவேற 9 ஓட்டு, ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் எதிர்த்து ஓட்டுப் போட்டால் போச்சு, அதுதான் வீட்டோ. இதைப் பலகையில் எழுதிப்போட இரண்டு நிமிடம்கூட ஆகாது, பரீட்சையிலும் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் கெஞ்சிக் கூத்தாடி 11 ஓட்டுச் சேர்த்தவன் ஒரே வீட்டோவில் எல்லாம் கரைவதைப் பார்க்கும்போது புரிவது வேறு. அதைவிட முக்கியம், வீட்டோ கையில் இருந்தவன் அடுத்த சுற்றில் அதைப் பயன்படுத்தவே இல்லை. பயன்படுத்துவேன் என்று ஒரு வரி எழுதியதுமே வரைவில் இருந்த கடுமையான வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இதை நான் எத்தனை லெக்சர் கொடுத்தும் புரியவைத்திருக்க முடியாது.

இது ஒன்றும் புது மோகம் இல்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கெட்ஸ்கோ 1950களின் கடைசியிலேயே நாடுகளுக்கிடையிலான சிமுலேஷனை நடத்தினார். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஐகான்ஸ் திட்டம் 1980களிலேயே வெவ்வேறு கல்லூரி மாணவர்களைக் கணினி வழியாகப் பேச்சுவார்த்தைக்கு உட்காரவைத்தது. கருவி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கே சறுக்கும் என்றால், எல்லோருக்கும் முடிவு தெரிந்த நெருக்கடியை எடுக்கும்போது. கியூபாவில் சோவியத் யூனியன் வைத்த ஏவுகணைகளால் அமெரிக்காவோடு மோதல் மூண்ட 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை ஆசைப்பட்டு வைத்தேன். அமெரிக்க அதிபர் கென்னடியாக இருந்த பையன் முதல் நாளே, எல்லோரும் படிக்கிற பொதுப் பக்கத்தில், 'துருக்கியிலிருந்து எங்கள் ஏவுகணைகளை எடுத்துவிடுகிறோம்' என்று எழுதிவிட்டான்! நிஜத்தில் நெருக்கடியைத் தீர்க்க உதவிய அந்த வாக்குறுதியை ரகசியமாக வைத்திருக்க என்ன பாடுபட்டார்கள். அப்புறம் இரண்டு வாரம் யாருக்கும் வேலையே இல்லை. இப்போது கற்பனை நாடுகள், கற்பனை எல்லைத் தகராறு.

விளையாட்டு முடிந்ததும் குறைந்தது இரண்டு வகுப்பாவது உட்கார்ந்து பேசுங்கள். 'ஏன் பொய் சொன்னாய்?', 'நீதானே முதலில் ஏமாற்றினாய்' என்று ஆரம்பிக்கும், கொஞ்சம் சத்தமாகவே இருக்கும், விடுங்கள்; ரகசியக் குறிப்புகளை அப்போது எல்லோருக்கும் காட்டினால், துரோகி என்று நினைத்தவனுக்கு வேறு வழியே இருக்கவில்லை என்பது தெரியவரும். பாடம் நடப்பதே அங்கேதான், அதைச் சுருக்கினால் மிஞ்சுவது நீங்கள் சொன்ன அரட்டைதான்.

மார்க்கை ஜெயித்தவருக்குப் போடாதீர்கள். தன் நாடு ஏன் அப்படி நடந்துகொண்டது என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லி அதற்குப் போடுங்கள். அந்த 11 ஓட்டுப் பையன்தான் அந்த வருடம் முதல் மார்க்.